‘ஏனுங்க’ என்று கூப்பிட்ட எச்சரிக்கை

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் தொழிலில் புதிதாக ஒன்றைப் பெற்றுப்போடுவது பெரிய காரியமே இல்லை. போன தடவை பெற்றுப்போட்டதை வழியனுப்பி வைப்பதில்தான் உயிர் போகும்.

இதைப் படித்ததும் தலையாட்டியவர்கள் எல்லாம் என் கட்சி. புரோகிராமே எழுதத் தெரியாது என்கிறவர்களும் கவலைப்பட வேண்டாம். ஓடாத பழைய மிக்ஸியைத் தூக்கிப்போட விடாத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், நீங்களும் நம்மைப்போல் பாவப்பட்ட ஜீவன்தான். தாராளமாக உள்ளே வாருங்கள்.

நானும் சாதிக்கும் சேர்ந்து நடத்தும் கம்பெனி பெரியநாயக்கன்பாளையத்தில், மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றின் மாடியில் இருக்கிறது. கீழே லேத் ஓடினால் மேலே எங்கள் டீ டம்ளர் நடனமாடும். எடைமேடைகளுக்குப் புரோகிராம் எழுதுவது எங்கள் தொழில். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடையை எடுத்து, வண்டி நம்பரோடு சீட்டு அடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அதை நாங்கள் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பழைய இரண்டாம் பதிப்பில் எழுதியிருந்தோம். அந்தப் பதிப்பை அதை உருவாக்கியவர்களே கைகழுவிவிட்டுப் பல வருடம் ஆகிறது. நாங்களும் புதிய பதிப்பில் எல்லாவற்றையும் திருப்பி எழுதிவிட்டோம். ஆனால் பழையதை நிறுத்த மட்டும் எங்களுக்குத் தைரியம் வரவில்லை. எதைச் சரிசெய்தாலும் புதியதில் ஒரு முறை, பழையதில் ஒரு முறை. புதியது என் பங்கு. பழையது சாதிக் தலையில்.

நிறுத்துவதற்கு நாள் பார்த்தது

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் சாதிக் வந்து டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்தான். பெங்களூர் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிடுகிறதாம். “நான் போறேன்னு சொல்லலை, கொடி. ஆனா இந்தப் பழசைக் கட்டிக்கிட்டு இனிமே அழ முடியாது. தீபாவளிக்குள்ள அது போகோணும். இல்லைன்னா நான் போறேன்” என்றான். என் பெயர் பூங்கொடி. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அவனுக்கு நான் கொடி. அவன் குடும்பத்துக்கு உக்கடத்தில் தராசுக் கடை. எடை காட்டும் பெட்டிகளில் எது என்ன கோளாறு செய்யும் என்பது அவனுக்கு அத்துப்படி. அவன் இல்லாமல் இந்தக் கம்பெனி நடக்காது என்பது ஒரு பக்கம். அவன் இல்லாமல் எனக்கு இந்த வேலையே பிடிக்காது என்பது இன்னொரு பக்கம்.

உடனே சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டேன். ஆடியில் எவனும் எதிலும் கை வைக்க மாட்டான். ஆவணி முகூர்த்த மாதம், வாடிக்கையாளர் பாதிப்பேர் மண்டபத்தில் இருப்பார்கள். புரட்டாசியில் பூசை, விரதம். ஐப்பசியில் தீபாவளிச் சரக்கு. சரி, கெடுவைத் தள்ளிப்போட முடியுமா என்று நைசாகப் பக்கத்தைப் புரட்டினேன். கார்த்திகையில் அடைமழை. மார்கழி ஆகாது. தையில் அறுவடை. மாசி, பங்குனியில் மஞ்சள். பக்கம் புரளப் புரள எனக்கே ஒரு வேகம் வந்துவிட்டது, வராத வருடத்துக்கும் காரணம் சொல்லத் தயாராகிவிட்டேன். சாதிக் காலண்டரை என் கையிலிருந்து பிடுங்கி, திருப்பி ஆணியில் மாட்டினான்.

“உங்க காலண்டர்ல புதுசா ஆரம்பிக்கிறதுக்குத்தான் கொடி நாள் இருக்குது, பழசை நிறுத்த ஒரு நாளும் இல்லையே!”

நடுவில் எதற்கு டிவி?

நாள் கிடைக்காவிட்டால் என்ன, முதலில் எல்லோருக்கும் எச்சரிக்கை கொடுத்து வைப்போம் என்று முடிவு செய்தோம். பழைய புரோகிராமைத் திறந்தாலே திரை முழுவதும் சிவப்புக் கட்டம் வரும்படி வைத்தேன். ‘இந்தப் பதிப்பு விரைவில் நிறுத்தப்படும்.’ அதைச் செய்து முடித்த அன்றைக்கு எனக்கு இருந்த குஷியைச் சொல்லி மாளாது. ஃபோன் பறக்கப்போகிறது, எல்லோரும் புதிய பதிப்பு கேட்டு வரிசையில் நிற்கப்போகிறார்கள் என்று ஃபோனைச் சார்ஜில் வேறு போட்டு வைத்தேன். ஒரு குருவி கூடக் கூப்பிடவில்லை.

என்னதான் நடக்கிறது என்று பார்க்க உக்கடத்துக்குப் போனோம். சாதிக்கின் மாமா காதர் பாய் அங்கே பழைய இரும்பு வியாபாரம் செய்கிறார், சொந்தமாக எடைமேடை உண்டு. அவருடைய அறையில் கம்ப்யூட்டர் திரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மேலே பூப்போட்ட துணி உறை. இரும்புத் தூசி படக்கூடாதாம், அதோடு வெளிச்சம் கண்ணை உறுத்துகிறதாம். எங்கள் சிவப்புக் கட்டம் பல நாட்களாகச் சுவரை எச்சரித்துக்கொண்டிருந்தது. காதர் பாய் எங்களுக்கு நன்னாரி சர்பத் வரவழைத்துவிட்டு, மருமகனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எடை பொட்டியில தெரியுது, சீட்டு பிரிண்டர்ல வருது. நடுவுல இந்த டிவியை எதுக்குடா மாப்ளே நான் பாக்கோணும்?”

மரியாதையான மிரட்டல்

வரும் வழியிலேயே சாதிக் சொல்லிவிட்டான்: “சீட்டுலயே அடிப்போம். அதைப் பாக்காம இருக்க முடியாதுல்ல?” ஒவ்வொரு எடைச் சீட்டின் அடியிலும் எச்சரிக்கையை அச்சடிப்பது. எங்கள் பழைய புரோகிராம் சீட்டில் தமிழ் எழுத்தை அடிக்கச் சொன்னால் மிரண்டு கேள்விக்குறியாகக் கக்கும். அதனால் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்க வேண்டியதுதான். அவன் ஒரு வரி எழுதிக் கொடுத்தான். ‘இது நிறுத்தப்படும். உடனே மாற்றவும்.’ படித்ததும் எனக்குப் பகீரென்றது. பல வருடம் நம்மிடம் பழகிய மனிதர்களிடம் இப்படியா மொட்டையாகப் பேசுவது? முன்னால் ஓர் ‘ஏனுங்க’ சேர்த்தேன். ‘நிறுத்தப்படும்’ என்பது யாரையோ தூக்கில் போடுவதுபோல் இருந்தது, அதை ஓய்வாக்கினேன். ‘உடனே’வை எடுத்தேன். சாதிக் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் சீட்டில் வந்தது இதுதான்: ‘ஏனுங்க, இந்தப் பழைய புரோகிராம் சீக்கிரம் ஓய்வு எடுக்கப் போகுதுங்க. தோதுப்பட்டா புதுசுக்கு வாங்க.’

இந்தத் தடவை ஃபோன் வந்தது! காங்கேயத்திலிருந்து கொப்பரை வியாபாரி ஒருவர். நான் துள்ளிக் குதித்து ஃபோனை எடுத்து, சாதிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவர் முதலில் என் அம்மா அப்பாவின் சௌக்கியம் விசாரித்தார், அப்புறம் மழை விசாரித்தார், அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

“சீட்டுல பாத்தனுங்க அம்மணி, தோதுப்பட்டா வாங்கன்னு எழுதியிருந்தீங்க. இப்பத் தோதுப்படலீங்க. ஆனாலும் மறக்காம கூப்பிட்டீங்க பாருங்க, நெம்ப சந்தோசமுங்க!”

எங்கூரு பேரு

சாதிக் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே ரோஷப்பட்டு, புதிய பதிப்பை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு பஞ்சு மில் ஒன்றுக்குப் போனேன். அங்கே எடைச் சீட்டுப் போடுகிறவர் மணிமேகலை அக்கா. பல வருடமாக அதே நாற்காலி, அதே பிரிண்டர். “புதுசெல்லாம் எனக்கு வராதுங்க” என்று நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு தூரமாக உட்கார்ந்தார். புதிய பதிப்பில் தமிழ் நன்றாக வரும். நான் எதையும் விளக்கவில்லை. வண்டி எந்த ஊர் என்கிற கட்டத்தில் அவருடைய ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்து, ஒரு சீட்டு எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார். அவரவர் ஊரை அடிக்கச் சொல்லி ஒரே கூட்டம். சீட்டு கிழித்துக் கிழித்துப் பிரிண்டரே சூடாகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனையோ ராத்திரி கண்விழித்து எழுதியதெல்லாம் இந்த ஐந்தாறு பேர் முகத்துக்காகத்தான் என்று தோன்றியது. வெளியே நின்ற லாரி டிரைவர் மட்டும் புதுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கீழ அந்த ஏனுங்க எங்கீங்க?” என்று கேட்டார். புதிய பதிப்புக்கு எச்சரிக்கை எதற்கு? நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வியை அன்றைக்கே கொஞ்சம் மதித்திருக்கலாம். மணிமேகலை அக்கா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

“இத்தனை நாளு இந்த மெசினு எங்கூரை இங்கிலீசுலதானுங்க கூப்பிட்டுட்டு இருந்துச்சு. இன்னைக்குத்தான் வாய் நெறையக் கூப்பிடுது!”

‘பாத்துக்கலாமுங்க’

இந்த வித்தை பிடிபட்டதும் எங்களைப் பிடிக்க ஆளில்லை. காதர் பாய் கடைப் பெயரைத் தமிழில் அடித்துக் காட்டினோம், திரையின் உறையைக் கழற்றினார். காங்கேயத்துக் கொப்பரைக்காரருக்கு அவர் மகன் பெயர் வந்தது, உடனே தோதுப்பட்டது. ஆவணி முடிவதற்குள் மேடை மேடையாகப் புதிய பதிப்புக்கு வந்துகொண்டே இருந்தார்கள். சாதிக் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்தான். கீழே லேத் சத்தத்துக்கு ஏற்றபடி தாளம் வேறு. பழைய பதிப்பில் பாக்கி நின்றவர் ஒரே ஒருவர். தாராபுரத்துக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டில் எடைமேடை வைத்திருக்கும் செல்லமுத்து அண்ணன். விவசாயக் குடும்பம், தோட்டத்தின் ஓரத்திலேயே மேடை. நெல், மக்காச்சோளம், வெங்காயம் என்று அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் அவரிடம்தான் எடை போடும்.

ஒருவருக்காகப் பழையது முழுவதையும் வைத்துக் காப்பாற்றுவதா? வைத்தால் சாதிக் போய்விடுவான். நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் ஒரு கோளாறு வந்தால் அவர் மேடை மூடிக்கிடக்கும்; வண்டிகள் அடுத்த மேடைக்குப் பழகிவிட்டால் திரும்பி வராது. நான் வாரம் தவறாமல் ஃபோன் செய்தேன். அவர் ஒரு முறைகூட முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் பயம். கொங்கு நாட்டில் முடியாது என்று சொல்ல மாட்டார்கள், ‘பாத்துக்கலாமுங்க’ என்பார்கள். அதைக் கேட்டுவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். வெளியூர்க்காரர்கள் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். தமிழில் ஊர்ப் பெயர் வரும் என்றேன். பாத்துக்கலாமுங்க. சீட்டு விவசாயிகளின் ஃபோனுக்கே போகும் என்றேன். பாத்துக்கலாமுங்க. பெங்களூர்க்காரர்கள் பூசை விடுமுறை முடிந்ததும் பதில் வேண்டும் என்று சாதிக்கிடம் சொல்லிவிட்ட அன்றைக்கு, எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அண்ணா, நேர்லயே வாரனுங்க. ஒரு நாள் மேடையை நிறுத்தி வைங்க, மாத்திக் குடுத்துட்டுப் போயிடறோம்” என்றேன்.

“வாங்க அம்மணி, தாராளமா வாங்க, ஊட்டுல சோறுண்டு போட்டுப் போலாமுங்க. புரோகிராம் கெடக்குது, அதுக்கென்னுங்க அவசரம்?”

தொடக்கூடாத நாள்

அன்று சாயங்காலம் கீழே பட்டறையில் ஆயுத பூசைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுண்ணாம்பு வாசனையில் எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. நாங்கள் தலைகீழாக நின்று தேடிய நாள் இதுதானே! வருடத்தில் ஒரே ஒரு நாள், கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம் வரைக்கும் ஒரு லேத் ஓடாது, ஒரு தறி ஓடாது, ஒரு லாரி ஏறாது. எல்லா மெஷினும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். செல்லமுத்து அண்ணனின் மேடையும் சும்மாதான் இருக்கும். போய் மாற்றிவிட வேண்டியதுதான். “கொடி, நீ பெரிய ஆளு!” என்று சாதிக் கத்தினான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பூசையன்று காலையில் காரில் போய் இறங்கினோம். மேடை கழுவிப் பளபளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். அறைக்குள்ளே கம்ப்யூட்டருக்கு விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. பிரிண்டர் மேல் எலுமிச்சம்பழம். நான் லேப்டாப்பை வெளியே எடுத்து, ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரின் பக்கத்தில் போனேன். செல்லமுத்து அண்ணன் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது! பிறந்ததிலிருந்து கொங்கு நாட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பூசையில் வைத்துவிட்டு, தொடக்கூடாது என்பதற்காகவே அந்த நாளைக் கொண்டாடியவள் நான். எந்திரம் ஓடாத நாள் என்று கண்டுபிடித்த எனக்கு, ஏன் ஓடாது என்பது மறந்துபோயிருந்தது. சாதிக் வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செல்லமுத்து அண்ணன் என் கையிலிருந்த ஒயரை மெதுவாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒரு தட்டுப் பொரியை அதே கையில் கொடுத்தார்.

“அதுக்கும் வருசத்துல ஒரு நாளு லீவு வேணுமில்லீங்களா அம்மணி?”

அடியில் இருந்த வரி

வேலைதான் இல்லையே, மேடை ஓரத்தில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொரி கொறித்தோம். செல்லமுத்து அண்ணனின் மனைவி சரஸ்வதி அக்கா சுண்டல் கொண்டுவந்து வைத்தார். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. அண்ணனுக்குப் புதுசு ஏன் வேண்டாம்?” செல்லமுத்து அண்ணன் செருப்பைப் பார்த்தார். அக்காதான் போட்டு உடைத்தார். காங்கேயத்துக் கொப்பரைக்காரரின் புதுச் சீட்டை இவர் பார்த்தாராம். அதில் அடியில் அந்த வரி இல்லையாம்.

எந்த வரி என்று எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. ‘ஏனுங்க, இந்தப் பழைய புரோகிராம் சீக்கிரம் ஓய்வு எடுக்கப் போகுதுங்க.’ எங்கள் மிரட்டல்! இங்கே வரும் டிரைவர்கள் முதல் நாளே அதைச் சத்தம் போட்டுப் படித்துச் சிரித்தார்களாம். மற்ற இடத்தில் எடை போட்டதும் வண்டியை எடு எடு என்று விரட்டுவார்கள். இங்கே சீட்டே ஏனுங்க என்று கூப்பிடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சாம். அப்புறம் யாரோ இவர் மேடைப் பெயரில் கள்ளச் சீட்டு அடித்துவிட, அதில் அந்த வரி இல்லாததால் ஒரு ரைஸ் மில்காரர் கையோடு பிடித்துவிட்டார். அதிலிருந்து ‘ஏனுங்க’ இருந்தால்தான் செல்லமுத்து சீட்டு, இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பு என்றாகிவிட்டது. மனிதர் தன் பெயரையே அந்த ஒரு வரியில் வைத்திருந்தார். நாங்களோ அதைப் பிடுங்கத்தான் வாரம் தவறாமல் ஃபோன் செய்துகொண்டிருந்தோம். “அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா, ஒரு வரி சேர்க்கிறது ஒரு வேலையா?” என்று ஏறக்குறையக் கத்திவிட்டேன். அவர் முகம் சங்கடத்தில் சிவந்துவிட்டது.

“அத நீங்க ஆசையா எழுதுனீங்க, நீங்களே எடுத்துப் போட்டீங்க. திருப்பிக் குடுங்கன்னு எந்த மூஞ்சியோடங்க கேக்கறது?”

ஒரு எழுத்து மாறக்கூடாது

ஊர் திரும்புகிற எண்ணமே எங்களுக்குப் போய்விட்டது. மறுநாள் விஜயதசமி, புதிதாக எதையும் ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டோம். கம்ப்யூட்டருக்குத்தானே லீவு, வாய்க்கு இல்லையே என்று வரியைப் பற்றி ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்தது. ‘பழைய புரோகிராம்’ என்று புதிய புரோகிராம் எப்படிச் சொல்லும் என்று சாதிக் கேட்டான். ‘ஏனுங்க, நன்றிங்க’ என்று மாற்றலாம் என்றேன் நான். தமிழ் எழுத்திலேயே அழகாக அடித்துத் தருகிறோம் என்றோம். செல்லமுத்து அண்ணன் எல்லாவற்றுக்கும் “நல்லாத்தானுங்க இருக்குது” என்றார். சரஸ்வதி அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். புரிந்துகொண்டேன். ஒரு புள்ளிகூட மாற்றாமல், அதே இங்கிலீஷ் எழுத்தில், அதே இடத்தில், அதே வரி.

காலையில் சூடம் காட்டியதும் அவரே ஸ்விட்சைப் போட்டார். சாதிக் புதிய பதிப்பை ஏற்றினான். முதல் வண்டியாக மக்காச்சோள லாரி ஒன்று மாலை போட்டுக்கொண்டு வந்து மேடையில் ஏறியது. பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. தாராபுரம் என்று தமிழில், விவசாயி பெயர் தமிழில், எடை, வண்டி நம்பர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடியில் வந்தது: ஏனுங்க, இந்தப் பழைய புரோகிராம் சீக்கிரம் ஓய்வு எடுக்கப் போகுதுங்க. தோதுப்பட்டா புதுசுக்கு வாங்க. கைதட்டிவிட்டேன்! சாதிக்கும் கைதட்டினான், செல்லமுத்து அண்ணன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். டிரைவர் சீட்டை வாங்கினார். தமிழ் எழுத்தையெல்லாம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அடிவரிக்கு வந்ததும் முகம் மலர்ந்து, சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

“சாமி கும்பிட்டும் உங்க புரோகிராம் இன்னும் ஓய்வு எடுக்கலீங்களாண்ணா?”

பெங்களூருக்குப் பதில்

திரும்பும் வழியில் பல்லடம் தாண்டி ஒரு பேக்கரியில் டீ குடிக்க நிறுத்தினோம். சாதிக் லேப்டாப்பைப் பேக்கரி மேசையிலேயே திறந்து, பழைய பதிப்பை எங்கள் இன்டர்நெட் சேமிப்பிலிருந்து எடுத்துவிட்டான். இனி ஒன்றுக்கு இரண்டாக எதையும் எழுத வேண்டியதில்லை. சந்தோஷத்தில் நான் இன்னொரு தேங்காய் பன் வாங்கினேன். அந்த நேரம் பார்த்து அவன் ஃபோன் அடித்தது. பெங்களூர். விடுமுறைதான் முடிந்துவிட்டதே.

பன்னைக் கடித்தபடியே அவனைப் பார்த்தேன். பழசு போய்விட்டது, ஆனால் போவதற்கு அவனுக்கு இன்னும் நூறு காரணம் இருக்கலாம். பெங்களூரில் கீழே லேத் ஓடாத ஆபீஸ் இருக்கும், தன் வேலை ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். அவர்கள் ஏதோ நீளமாகப் பேசினார்கள். எப்போது வந்து சேருகிறீர்கள் என்று கேட்பது எனக்கே கேட்டது. சாதிக் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த அந்த முதல் சீட்டின் நகலை எடுத்து அடிவரியைப் படித்துக்கொண்டே, ரொம்பப் பணிவாக, ரொம்ப இனிமையாக, ஒரே ஒரு வார்த்தை சொன்னான். பெங்களூர்க்காரர்கள் சந்தோஷமாக நன்றி சொல்லி ஃபோனை வைத்தார்கள், பாவம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து பன் புரையேறியது.

“பாத்துக்கலாமுங்க.”

ஆக, பிறந்த நாளிலிருந்தே ஓய்வு எடுக்கப்போவதாகச் சீட்டுக்குச் சீட்டு சொல்லிக்கொண்டிருக்கும் புரோகிராம் இப்போது எங்களிடம் ஒன்று இருக்கிறது, நாளைக்கு அதை நிறுத்தும்போது முன்கூட்டியே சொல்லவில்லை என்று மட்டும் ஒருத்தரும் எங்களைக் குறை சொல்ல முடியாதுங்க.